குடித்துவிட்டுச் சாகப்போவதாகச் சொல்லும் அண்ணன்: முதலில் யாரை அழைப்பது, எங்கே கொண்டுசெல்வது?

கம்பம்மெட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு வயது முப்பத்தெட்டு. தேனி மாவட்டத்தில் எங்கள் ஊரிலிருந்து விடியற்காலையில் ஏலக்காய்த் தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, மாலையில் இறங்கும் ஜீப்பைச் சொந்தமாக ஓட்டிவந்தார். குடிப்பழக்கம் வெகுநாளாக உண்டு என்றாலும் ஆட்களை இறக்கிவிடும்வரை தொடமாட்டார் என்ற ஒரு கட்டுப்பாடு இருந்தது. சென்ற ஆண்டு தவணை கட்ட முடியாமல் நிதி நிறுவனத்தார் வண்டியை எடுத்துச் சென்ற பிறகு அதுவும் போய்விட்டது. இப்போது காலையில் கைநடுக்கம் நிற்பதற்கே குடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மாதமாகக் குடித்த நேரத்தில், "நான் போய்விட்டால் உங்கள் எல்லோருக்கும் நிம்மதி" என்று சொல்லி வந்தவர், முந்தாநாள் குடிக்காத நேரத்திலும் அம்மாவிடம் அதையே சொல்லியிருக்கிறார்.

நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். வீட்டில் அம்மாவும் அண்ணியும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெரியப்பா மகன் ஒரு மறுவாழ்வு மையத்தின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, பணம் கட்டினால் நாலு பேர் வேனில் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், மூன்று மாதத்தில் ஆள் திருந்தி வருவான் என்கிறார். அம்மா ஏறத்தாழச் சம்மதித்துவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மனநல மருத்துவரிடம் காட்டுவது முதலா, குடியை நிறுத்த வைப்பது முதலா? இரவில் நிலைமை கைமீறினால் யாரைக் கூப்பிடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

சகோதரி, நான் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் செவிலியர். எது முதல் என்பதைப் பிறகு பேசலாம், இன்றைய இரவை முதலில் பார்ப்போம். "போதையில் உளறுகிறான், விடிந்தால் மறந்துவிடுவான்" என்று வீட்டார் சொல்லி நாங்கள் கேட்காத வாரம் இல்லை. சாகும் எண்ணம் உள்ளே இருப்பவருக்குப் போதை ஏறிய நேரம்தான் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் தெளிவில் இருக்கும் தயக்கம் அப்போது இருப்பதில்லை. உங்கள் அண்ணனோ தெளிவிலும் அதைச் சொல்லியிருக்கிறார். பிழைப்புக்கு இருந்த வண்டியும் போயிருக்கிறது. இதைப் பொறுத்திருந்து பார்க்கும் நிலையாக நான் எடுத்துக்கொள்ளமாட்டேன்.

அவர் நிதானமாக இருக்கும் வேளையில், அவர் மதிக்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போகலாம் என்று நினைக்கிறாயா?" என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி ஆவதில்லை, வாய்விட்டுச் சொல்ல ஒருவர் கிடைத்ததே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். பதில் வரும்போது பிள்ளைகளைக் காட்டிக் குற்றவுணர்வைக் கூட்டாதீர்கள். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறார் என்பது தெரிந்தால் ஒரு நிமிடமும் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

வீட்டில் தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். சாக வேண்டும் என்ற வேகம் உச்சத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் குறுகியதுதான். அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் போவதே பலர் உயிர் பிழைக்கக் காரணம். சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, இதை மனத்தில் வைத்துத்தான் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில் தனித்தனிப் பெட்டிகளில் பூட்டிவைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தது.

இனி எண்கள். 14416 என்பது மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதை "நட்புடன் உங்களோடு" மனநல சேவை என்ற பெயரில் நடத்துகிறார்கள். கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு இணைப்பார். நோயாளியே பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் கோவையிலிருந்து நீங்கள் அழைத்தாலும் வழி சொல்வார்கள். ஆனால் அது ஆம்புலன்ஸ் அன்று. எதையாவது விழுங்கிவிட்டார் என்ற ஐயம் வந்தாலோ, காயம், வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் இருந்தாலோ 108-ஐத்தான் அழைக்க வேண்டும். மற்றவரைத் தாக்க வந்தால் 112. ஸ்நேகாவின் எண் 044-24640050. அங்கே தன்னார்வலர்கள் குறுக்கே பேசாமல், தீர்ப்புச் சொல்லாமல் கேட்பார்கள். குடியைப் பற்றி மட்டும் கேட்பதற்கு, மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் 14446 இருக்கிறது.

மலைச்சாரல் எழுதியது:

எல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. என் மைத்துனர் இரவு பதினொரு மணிக்கு அரிவாளை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றபோது, போனில் கேட்ட எந்தக் கனிவான குரலும் எங்களுக்கு உதவவில்லை. பக்கத்து வீட்டார் விளக்கை அணைத்துக்கொண்டார்கள். மையத்துக்காரர்கள்தான் வந்தார்கள், பிடித்தார்கள், கொண்டுபோனார்கள். அதன்பின் நான்கு மாதம் என் தங்கை பயமில்லாமல் தூங்கினாள். சட்டம் தெரிந்தவர்கள் வந்து அது தவறு என்று சொல்லலாம், ஆனால் வேறு யாரும் வராத இரவில் வருகிறவனைத்தானே ஒரு குடும்பம் நம்பும்? பெரியப்பா மகன் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாற்கரச்சாலை எழுதியது:

மலைச்சாரல் சொல்வதில் உள்ள வேதனை எனக்குப் புரிகிறது, ஏனென்றால் என் தம்பியை நாங்களும் அப்படித்தான் அனுப்பினோம். புறவழிச்சாலை ஓரத்தில் ஒரு கல்யாண மண்டபம்போல இருந்த கட்டடம் அது. முதல் மாதம் முழுவதும் பார்க்கவோ பேசவோ கூடாது என்றார்கள், அதுவே சிகிச்சையின் முறை என்றார்கள். மருத்துவர் யார் என்று கேட்டால், வாரத்துக்கு ஒருமுறை வந்து போவார் என்பதே பதில். முதல் நான்கைந்து நாளில் வரும் நடுக்கத்துக்கும் குழப்பத்துக்கும் அங்கே மருந்தில்லை. கத்தியவர்களைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். பழைய நோயாளிகளே காவலர்களாக நின்று அடித்திருக்கிறார்கள். இடுப்பில் தழும்போடு வந்த தம்பி பதினைந்தாம் நாள் மறுபடியும் குடித்தான். இப்போது எந்த மருத்துவமனை என்றாலும் வாசலிலேயே நின்றுவிடுகிறான். குடியைவிட இதைத்தான் நான் பெரிய இழப்பாக நினைக்கிறேன்.

எல்லா மையங்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆளைப் பார்க்காமல், என்ன குடிக்கிறான், கடைசியாக எப்போது குடித்தான், வலிப்பு வந்ததுண்டா என்று ஒரு கேள்வியும் கேட்காமல், முகவரியையும் முன்பணத்தையும் மட்டும் கேட்கிற இடத்துக்கு அனுப்பாதீர்கள். தற்கொலை எண்ணம் உள்ளவரை அங்கே அனுப்புவது இன்னும் பெரிய தவறு.

இரவுப்பணி எழுதியது:

நாற்கரச்சாலை சொன்ன முதல் நான்கைந்து நாள் விஷயத்தை வீட்டார் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காலையில் நடுக்கம் நிற்கவே குடிக்கும் அளவுக்குப் போய்விட்ட ஒருவர் சட்டென்று நிறுத்தினால், ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு இடம், நேரம் தெரியாத குழப்பம் வந்து, சுவரில் பூச்சி ஊர்வதாகவும் ஆட்கள் நிற்பதாகவும் சொல்வார்கள். அதை வீட்டார் பேய் பிடித்தது என்று நினைத்து மந்திரிக்க அழைத்துச் செல்வதும் உண்டு. உண்மையில் அது உயிருக்கு ஆபத்தான நிலை. கார்த்திகையில் மாலை போட்ட அன்றோ மறுநாளோ வலிப்போடு கறுப்பு வேட்டியிலேயே எங்கள் வார்டுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். விரதத்தைக் குறைசொல்லவில்லை, ஆனால் இப்படிப்பட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாலை போட வேண்டும்.

எனவே மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் இரண்டு நாள் குடிக்காமல் சுத்தமாக வரட்டும் என்று அண்ணனைக் கட்டாயப்படுத்தாதீர்கள். எந்த நிலையில் இருக்கிறாரோ அந்த நிலையிலேயே கொண்டுவாருங்கள். உள்ளூர் கிளினிக்கில் "தெம்புக்கு" வெறும் குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம். நாட்பட்டுக் குடிப்பவர்களின் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது மூளையைப் பாதிக்கக்கூடும். நாங்கள் தயமின் ஊசி போட்டு, நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையை முதலில் கூடுதல் அளவில் தொடங்கி ஒவ்வொரு நாளும் குறைத்துக்கொண்டு வருவோம்.

உங்கள் முதல் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. மனநோய்க்கு ஓரிடம், குடிக்கு வேறோர் இடம் என்று அலைய வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு இரண்டையும் பார்க்கும். உங்களுக்குப் பக்கம் க.விலக்கில் உள்ள பெரியாஸ்பத்திரி. பகலில் புறநோயாளிப் பிரிவு, இரவில் அவசர சிகிச்சைப் பிரிவு. "குடிக்கிறார்" என்று மட்டும் சொன்னால் காலையில் ஓ.பி.க்கு வரச்சொல்லிவிடும் வாய்ப்பு உண்டு. "சாகப்போவதாகச் சொல்கிறார், நிறுத்தினால் நடுக்கம் வருகிறது" என்று இரண்டையும் சேர்த்து முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கடைசியாகக் குடித்த நேரம், முன்பு வலிப்பு வந்ததா, சாப்பிட்டுவரும் மாத்திரையின் அட்டை, பழைய சீட்டு ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள்.

சட்டமன்றச்சாலை எழுதியது:

நான் வழக்குரைஞர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு சேர்ந்து வரும் மனநிலைகளையும் அது மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே, இப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் எந்த மையமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைப் பார்வையில் படும்படி மாட்டியிருக்கவும் வேண்டும். போய்ப் பார்க்கும்போது முதலில் சுவரைப் பாருங்கள். சங்கிலியால் பிணைப்பதைச் சட்டம் எந்த வடிவிலும் அனுமதிக்கவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஓர் இல்லத்தில் தீப்பிடித்தபோது, கட்டிவைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகும் வேனும் கயிறும் தொழிலாக நடக்கிறது என்பது நமக்கு வெட்கம்.

அண்ணன் தாமாகச் சம்மதித்தால் தாமே கையெழுத்திட்டுச் சேரலாம். சம்மதிக்கும் நிலையில் இல்லாமல், உயிருக்கு ஆபத்தும் இருக்கிறது என்றால், உறவினர் ஒருவர் அவருடைய பிரதிநிதியாக விண்ணப்பிக்கலாம். மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்துச் சேர்த்துக்கொள்ளலாம், முதல் கட்டத்தில் 30 நாள் வரை. இந்தச் சேர்க்கையை மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அதற்கும் நேரமில்லாத அவசரத்தில், பதிவுபெற்ற எந்த மருத்துவரும், மனநல மருத்துவராக இல்லாவிட்டாலும், 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரச் சட்டம் இடம் கொடுக்கிறது. மலைச்சாரல் அவர்களின் கேள்வி நியாயமானது. இந்த விதிகள் இருப்பதால் மட்டும் இரவு பதினொரு மணிக்கு யாரும் வந்து நிற்கப்போவதில்லை. ஆனால் அரிவாளோடு நிற்பவரிடமிருந்து குடும்பத்தைக் காப்பது காவல்துறையின் கடமை. அந்தக் கடமையைத் தனியார் ஆட்களிடம் விட்டால், உள்ளே நடப்பதற்குப் பொறுப்பேற்க ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

இன்னோர் அச்சத்தையும் போக்கிவிடுகிறேன். தற்கொலைக்கு முயன்றவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் வழக்கு வரும் என்று பயந்து நேரத்தை வீணாக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம், ஒருவர் வந்து வாக்குமூலம் கேட்கலாம். ஆனால் மேற்சொன்ன சட்டத்தின் 115-ஆவது பிரிவு, முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலோ, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய சட்டத்தின் 309-ஆவது பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கடமையிலிருந்து தடுக்கவோ வற்புறுத்தவோ அப்படி முயல்வது மட்டும்தான் இப்போது குற்றம்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வரி: மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே மாதிரி காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், குடிப்பழக்கச் சிகிச்சையைப் பல பாலிசிகள் விலக்கியே வைத்திருக்கின்றன. தனியார் மருத்துவமனைக்குப் போவதானால் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.

இன்றுமட்டும் எழுதியது:

நான் குடிநோயாளி. பல ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கிறேன், இன்றைக்கும் குடிக்கவில்லை. இதற்குமேல் என்னைப் பற்றிச் சொல்ல எங்கள் வழக்கம் இடம் கொடுக்காது.

நான் போய்வரும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (பெயர் சொல்லாத குடிநோயாளிகள்) என்ற அமைப்பு 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடு ஒருவர் பேசியதிலிருந்து தொடங்கியது. நம் ஊர்களில் மாதாகோவில் கூடத்திலோ பள்ளி வகுப்பறையிலோ மாலை வேளையில் கூடுவோம். கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது, மதமும் கேட்கமாட்டோம். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்துவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் போனாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். கூட்டம் நடக்கும் இடத்தை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலேயே பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். எங்களில் சிலர் வார்டுக்கே வந்து பேசுவதுண்டு.

ஆனால் செவிலியர் அம்மா சொன்ன வரிசையை மாற்றிவிடாதீர்கள். நடுக்கத்திலும் குழப்பத்திலும் இருப்பவருக்கு வேண்டியது எங்கள் கூட்டம் அன்று, மருத்துவர். சாக வேண்டும் என்ற எண்ணம் இருப்பவருக்கும் அப்படியே. மாத்திரை சாப்பிடுகிறவர் உண்மையாகக் குடியை விட்டவர் ஆகமாட்டார் என்று எங்கள் கூட்டத்திலேயே சிலர் பேசுவார்கள். அந்தப் பேச்சை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுங்கள். எனக்கே மனச்சோர்வுக்கு மாத்திரை உண்டு.

தங்கி இருந்து சிகிச்சை பெற வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. சென்னை அடையாற்றில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை அன்றிலிருந்து குடும்பத்தாரையும் சேர்த்து உட்காரவைத்தே சிகிச்சை தருகிறது. 2025-இல் தமிழக அரசு தன் மருத்துவமனைகளுக்குள்ளேயே "கலங்கரை" என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. க.விலக்குக்குப் போகும்போது அதைக் குறித்தும் கேளுங்கள்.

முல்லைக்கரை எழுதியது:

எல்லோரும் அண்ணனைப் பற்றிப் பேசுகிறார்கள், அண்ணியைப் பற்றி யாராவது கேட்டார்களா? நானும் குடிப்பவரின் மனைவியாக வெகுகாலம் இருந்தவள். பாட்டிலைத் தேடி எடுத்து வாய்க்காலில் கொட்டுவது, வேலைக்குப் போகவில்லை என்றால் முதலாளிக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்வது, கடன்காரருக்குப் பதில் சொல்வது, இரவில் மூச்சு வருகிறதா என்று எழுந்து பார்ப்பது என்று நம் முழு நாளும் அவருடைய குடியைச் சுற்றியே போய்விடும். குடும்பத்தாருக்கென்றே 1951-இல் தொடங்கிய அல்-அனான் என்ற அமைப்பின் கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. இந்த நோய்க்கு நாம் காரணமில்லை, இதை நம்மால் கட்டுப்படுத்தவும் முடியாது, குணமாக்கவும் முடியாது என்பதை அங்கே போய்த்தான் நான் ஏற்றுக்கொண்டேன். அதற்காக அவர் சாகட்டும் என்று விட்டுவிடுவதில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் நடுராத்திரியிலும் வண்டி பிடிக்கிறோம், ஆனால் குடிக்கும் காசுக்காக வளையலை அடகு வைப்பதில்லை.

அண்ணியிடம் தனியாக, அம்மா பக்கத்தில் இல்லாதபோது, அடி விழுகிறதா என்று கேளுங்கள், சகோதரி. விழுகிறது என்றால் அதற்குத் தனியாக 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி மாவட்டத்தில் ஒரு பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். கணவருக்கு நோய் என்பதால் மனைவி அடிபட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பிள்ளைகள் பயந்துபோய் இருந்தால் 1098. இன்னொன்று, உங்கள் அம்மா வேனுக்குச் சம்மதித்ததை வைத்து அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். தூக்கமில்லாதவர் எதற்கும் சம்மதிப்பார்.

கம்பம்மெட்டு எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே நிலையில் இருக்கும் வேறு யாருக்காவது உதவக்கூடும்.

அன்று இரவே 14416-க்கு நான்தான் பேசினேன். அந்தப் பெண்மணி அவசரப்படாமல் கேட்டார், பிறகு அண்ணியையும் அதே அழைப்பில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பூச்சிமருந்து டப்பாக்களை அண்ணி பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்தார். காலையில் அண்ணனிடம் நேராகக் கேட்டது அவரோடு ஜீப் ஓட்டிய நண்பர். அண்ணன் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "நினைத்தேன்" என்றாராம். வேனும் இல்லை, கயிறும் இல்லை, அந்த நண்பரின் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார். பெரியப்பா மகனும் கூடவே போனார் என்பதைச் சொல்லியாக வேண்டும். கடைசியாக எப்போது குடித்தார் என்பதைத்தான் அங்கே முதலில் கேட்டார்கள்.

மூன்றாம் நாள் இரவு நான் உடன் இருந்தேன். இரவுப்பணி அவர்கள் எழுதியிருந்ததைப் படித்திராவிட்டால் பயத்தில் அலறியிருப்பேன். கட்டிலில் உட்கார்ந்தபடி இரண்டு கையாலும் இல்லாத ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டு, வளைவில் ஹாரன் அடிக்கச் சொல்லி, பின்னால் ஆள் ஏறிவிட்டதா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். மருத்துவர் வந்து ஊசியின் அளவைக் கூட்டினார். மறுநாள் மாலைக்குள் தெளிந்துவிட்டார். நடந்தது எதுவும் நினைவில்லை என்கிறார். மனச்சோர்வு குடியால் வந்ததா, தனியாகவே இருக்கிறதா என்பது குடியில்லாமல் சில வாரங்கள் போனபிறகே தெளிவாகும், அதுவரை வாரந்தோறும் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது இரண்டு கேள்விகள். வீட்டுக்கு வந்தபின் மறுபடி தொடங்கினால் சாப்பாட்டில் தெரியாமல் கலக்க ஒரு பொடி இருக்கிறது என்று உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், அதைப் பயன்படுத்தலாமா? அடுத்தது, வண்டியை ஏலத்தில் விற்ற பிறகும் மீதிக் கடன் இருப்பதாகச் சொல்லி நிதி நிறுவனத்திலிருந்து வாரம் ஒருமுறை ஆள் வருகிறார். அந்தக் குரலைக் கேட்டாலே அண்ணன் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறார்.

இரவுப்பணி எழுதியது:

பொடியைத் தொடாதீர்கள். அப்படிப்பட்ட பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்து கலந்திருந்தால், அதன்மேல் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகக்கூடும். அதே மருந்தை, குடித்தால் என்ன ஆகும் என்பதை அவருக்கு விளக்கி, இருதயத்தையும் கல்லீரலையும் பரிசோதித்து, அவர் சம்மதத்தோடு மருத்துவர் கொடுப்பது வேறு. குடிக்கும் தவிப்பைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. எது பொருந்தும் என்று அடுத்த வருகையில் அண்ணனே கேட்கட்டும்.

வார்டிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் தற்கொலை ஆபத்து கூடுதலாக இருக்கும் காலம். ஆள் தெளிந்துவிட்டார் என்று காவலைத் தளர்த்திவிடாதீர்கள், பூச்சிமருந்தும் திரும்பி வர வேண்டாம். மனம் கனக்கத் தொடங்கும்போது தமக்கு முதலில் என்ன தோன்றும், அப்போது யாரிடம் போவது, எந்த எண்ணை அழைப்பது என்பதை அவர் கையாலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஜீப் நண்பரின் பெயர் அதில் முதலில் இருக்கட்டும். மறுபடி குடித்துவிட்டால் அதை எல்லாம் வீணாயிற்று என்று எடுத்துக்கொள்ளாமல், குடித்த அன்றோ மறுநாளோ கூட்டிவாருங்கள். நாங்கள் திட்டமாட்டோம்.

சட்டமன்றச்சாலை எழுதியது:

கடனைப் பற்றி. வசூலுக்கு வருபவர் மிரட்டவோ, அக்கம்பக்கத்தார் முன் அவமானப்படுத்தவோ, நேரங்கெட்ட நேரத்தில் வரவோ ரிசர்வ் வங்கியின் விதிகள் அனுமதிக்கவில்லை. இனி வந்தால் அவர் பெயரையும் அடையாள அட்டையையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, எதுவானாலும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும் முன் அறிவிப்பு வந்ததா, என்ன விலைக்கு விற்றார்கள், அது கடனில் எப்படிக் கழிக்கப்பட்டது என்ற கணக்கைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் நிறுவனத்தை அழைத்துச் சமரசம் பேசவோ மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பவோ செய்வார்கள். தொலைபேசி எண் 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவச சட்ட உதவி உண்டு என்பதால், கடன் பத்திரத்தில் அண்ணியின் கையெழுத்து இருந்தால் அவர் பெயரிலேயே மனு எழுதுங்கள்.

கம்பம்மெட்டு எழுதியது:

ஜாமீன் கையெழுத்து அண்ணிதான் போட்டிருக்கிறார். கடன் பத்திர நகலும், வண்டியை எடுத்தபோது கொடுத்த சீட்டும் பீரோவில் இருக்கின்றன, விற்ற விலைக்கான தாள் மட்டும் எங்களுக்கு வரவே இல்லை. திங்கட்கிழமை நானும் அண்ணியும் நீதிமன்ற வளாகத்துக்குப் போகிறோம். அண்ணனின் அடுத்த ஓ.பி. புதன்கிழமை. பொடியை உறவினரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.